கதைமாந்தரின் பகற்கனவை எப்படிப் படிப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: “ஒரு நாவலின் நாயகியை உளவியல் பண்புகளை வைத்து அலசிப் பார்க்கிறேன். அமைதியானவள், பொறுப்பானவள், எளிதில் பதறுகிறவள் என்று குறித்துக்கொண்டேன். ஆனால் அவள் காணும் பகற்கனவுகளில் அவளே வேறொருத்தியாக இருக்கிறாள். இரண்டில் எது அவளுடைய உண்மையான ஆளுமை? பதினாறு வகை ஆளுமைச் சோதனையில் அவளை எந்த வகையில் சேர்ப்பது?”

எந்த வகையிலும் சேர்க்க வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான். காரணத்தைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். முதல் கேள்விதான் அருமையானது. உங்கள் குறிப்பும் அவளுடைய கனவும் ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனித்துவிட்டீர்கள். பலர் இந்த இடத்தில் கனவை வெறும் ஆசை என்று ஒதுக்கிவிட்டுப் பண்புப் பட்டியலோடு திரும்பிவிடுவார்கள். பட்டியலுக்கும் கனவுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் பாத்திரத்தின் உள்மனம் நமக்குத் தெரிய வருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பண்புகளைப் பார்ப்போம். இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது ஐந்து பெரும் பண்புகள் என்ற அளவுகோல்: புதியவற்றுக்கு மனம் திறந்திருத்தல், பொறுப்புணர்வு, புறமுக நாட்டம், இணக்கம், மனத்தளம்பல். இது பிறந்த விதம் இலக்கிய வாசகருக்குச் சுவையானது. 1936இல் கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஓட்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆங்கில அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு மனிதரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட உதவும் சொற்களையெல்லாம் பொறுக்கினார்கள். ஏறத்தாழ 18,000 சொற்கள் தேறின. நிலையான குணங்களைக் குறிப்பவை அவற்றில் சுமார் 4,500. பின்னால் வந்தவர்கள் பல பத்தாண்டுகள் புள்ளியியல் முறைகளால் சலித்துச் சலித்து அந்தக் குவியலை ஐந்து தலைப்புகளுக்குள் கொண்டுவந்தார்கள்.

ஆக, இந்த அளவுகோலின் மூலப்பொருள் மனிதர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் பேசும் சொற்கள். எனவே, பிறர் கண்ணுக்குத் தெரிகிற மனிதரை அது நன்றாகவே அளக்கிறது. பிறர் கண்ணுக்குத் தெரியாததை அளக்க அது உருவாகவில்லை. டான் மெக்காடம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ‘அந்நியரின் உளவியல்’ என்றார்: ஒருவரோடு அதிகம் பழகாத நிலையில் நாம் தெரிந்துகொள்ளக்கூடியவை இவை என்பது அவர் கருத்து. ஒரு மனிதரை அறிவதற்கு மூன்று தளங்கள் உண்டு என்று 1995இல் அவர் எழுதினார். மேல்தளத்தில் பண்புகள். அதற்கு அடியில் அவர் எதை விரும்புகிறார், எதற்கு அஞ்சுகிறார், எப்படிச் சமாளிக்கிறார் என்பவை. அதற்கும் அடியில், தன் வாழ்க்கையைத் தனக்குத்தானே அவர் எப்படிக் கதையாகச் சொல்லிக்கொள்கிறார் என்பது. உங்கள் பட்டியல் முதல் தளத்தில் நிற்கிறது. நாயகியின் பகற்கனவு இரண்டாவது, மூன்றாவது தளங்களிலிருந்து வருகிறது. அவை ஒத்துப்போகாததில் வியப்பில்லை.

பண்புகளை எழுதும்போதே ஒரு திருத்தம் செய்துகொள்ளலாம். உளவியலாளர் வால்டர் மிஷெல் 1968இல் வெளியிட்ட நூலில், ஒரு பண்பை வைத்து ஒருவர் குறிப்பிட்ட தருணத்தில் எப்படி நடந்துகொள்வார் என்று கணிப்பது மிகப் பலவீனமான காரியம் என்று காட்டினார். பின்னர் 1995இல் யுயிச்சி ஷோடாவுடன் சேர்ந்து அவர் வைத்த மாற்று, கதை வாசிப்பவருக்கு அப்படியே பயன்படும்: ‘இப்படி நேர்ந்தால் இப்படி நடப்பார்’ என்ற வடிவத்தில் ஆளுமையை எழுதுவது. “கோபக்காரர்” என்ற சொல்லோடு நிறுத்திவிட வேண்டாம். “தன்னைவிட இளையவர் திருத்தினால் சீறுகிறார், மூத்தவர் திருத்தினால் சிரித்து மழுப்புகிறார்” என்று எழுதிப் பாருங்கள். இந்த ஒரு வாக்கியத்திலேயே பாத்திரம் பாதி எழுந்து உட்கார்ந்துவிடும்.

பதினாறு வகைச் சோதனைக்கு நான் இடம் கொடுக்காத காரணமும் இதுவே. சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எழுதிய ஆளுமை வகைகள் பற்றிய நூலிலிருந்து, கேதரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் உருவாக்கியது அது. ஒவ்வொரு குணத்திலும் நீங்கள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அது கேட்கிறது; மனிதர்களில் பெரும்பாலோர் நடுவில் இருப்பவர்கள். ஒரே ஆள் சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் வேறு வகையில் போய் விழுவதும் சாதாரணம். கதைப்பாத்திரத்துக்கு அது இன்னும் பொருந்தாது. அந்தச் சோதனை ஒவ்வொரு வகைக்கும் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராகத் தருகிறது; அந்த நான்கு எழுத்து கிடைத்ததும் வாசகர் தேடுவதை நிறுத்திவிடுகிறார். அந்த நான்கு எழுத்துக்குப் பொருந்தாத காட்சிகள் கண்ணில் படாமலே போய்விடுகின்றன.

இப்போது பகற்கனவுக்கு வருவோம். ஐம்பண்புக் கேள்விப்பட்டியல்களில் பால் கோஸ்டாவும் ராபர்ட் மெக்ரேயும் அமைத்தது மிகவும் பெயர்பெற்றது. அதில் ‘மனம் திறந்திருத்தல்’ என்ற பண்பின் ஆறு உட்பிரிவுகளில் ஒன்று கற்பனையில் திளைத்தல். ஒருவர் எந்த அளவுக்குப் பகற்கனவு காண்கிறவர் என்பதை அது சொல்லும். எதைக் காண்கிறார் என்பதைச் சொல்லாது. கதையை வாசிக்கும் நமக்கு வேண்டியதோ அந்த ‘எதை’.

ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போம். ஓர் அலுவலகத்தில் மூன்று கணக்கர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூவருமே அதிகம் பேசாதவர்கள், வேலையில் மிகுந்த பொறுப்புள்ளவர்கள், சிறு விஷயத்துக்கும் கலங்குகிறவர்கள். ஐந்து பண்புகளிலும் மூவருக்கும் ஒரே அளவுதான். ஒருநாள் மேலதிகாரி, அவர்கள் செய்யாத பிழைக்காக எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொருவரையும் கடிந்துகொள்கிறார். மூவரும் “சரிங்க ஐயா” என்று சொல்லிவிட்டு இருக்கைக்குத் திரும்புகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் மூவரும் ஒரே ஆள்.

முதல் கணக்கர் மனத்துக்குள் மறுநாள் காலை விடிகிறது. அதே அறையில், அதே ஆட்கள் முன்னால், வேலையை விட்டு விலகும் கடிதத்தை மேசைமேல் வைக்கிறார். ஒரே ஒரு வாக்கியம் பேசுகிறார். அறை வாயடைத்து நிற்கிறது. வெளியே வந்த பிறகும் கனவு முடியவில்லை. உள்ளே அவர்கள் தன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள் என்று தொடர்கிறது.

இரண்டாமவர் மனத்தில் ஆவண அறையில் தீப்பிடிக்கிறது. எல்லோரும் பதறி ஓடுகிறார்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மேலதிகாரி முதன்முறையாக அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்.

மூன்றாமவர் பல ஆண்டுகள் தாண்டிப் போகிறார். அந்த அதிகாரி படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். பார்க்க வருவோர் எவருமில்லை. இவர் மட்டும் போகிறார். அந்தப் பழைய நாளைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அதிகாரியின் கண்கள் நிறைகின்றன.

மூன்று கனவும் ஒரே அவமானத்திலிருந்து கிளம்பியவை. ஆனால் மூன்று வேறு மனிதர்களை நமக்குக் காட்டுகின்றன. முதலாமவர் தனக்கு விடுதலை வேண்டும் என்று நினைக்கிறார். கனவோ அவருக்குச் சாட்சிகள் வேண்டும் என்கிறது. ஆள் இல்லாத அறையில் கடிதத்தை வைத்துவிட்டுப் போக அவருக்கு மனம் வராது. இரண்டாமவருக்கு விலகும் எண்ணமே இல்லை. தான் இல்லாமல் முடியாது என்று ஆக வேண்டும். அதற்காக அலுவலகமே எரிந்தாலும் பரவாயில்லை என்பதால், அவருடைய பணிவுக்குள் ஒரு பகை ஒளிந்திருக்கிறது. மூன்றாமவர் தன்னைப் பெருந்தன்மையுள்ளவராக எண்ணிக்கொள்கிறார். ஆனால் அவர் மன்னிப்பதற்கு முன் எதிராளி அழிந்திருக்க வேண்டும். கனவு முதலில் செய்யும் வேலை அந்த அதிகாரியைப் படுக்கையில் தள்ளுவதுதான். நாளை மூவருக்கும் பதவி உயர்வு வந்தால் ஒவ்வொருவரும் எப்படி நடப்பார்கள் என்று இப்போது நம்மால் ஊகிக்க முடியும். பண்புப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஊகத்தைத் தொட்டிருக்க முடியாது.

பகற்கனவைப் பற்றிய பழைய கருத்துகளில் பெயர்பெற்றது ஃப்ராய்டினுடையது. படைப்பாளியையும் பகற்கனவையும் பற்றி 1908இல் அச்சான கட்டுரையில், மகிழ்ச்சியான மனிதர் பகற்கனவு காண்பதில்லை, நிறைவேறாத ஆசை உள்ளவரே காண்கிறார் என்றார். இது பிற்கால ஆய்வுகளில் நிற்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் சிங்கர் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தவர். 1966இல் பகற்கனவு பற்றிய அவருடைய முக்கியமான நூல் வெளிவந்தது. பகற்கனவு எல்லோருக்கும் இயல்பானது என்று நிறுவிய அவர், அதில் மூன்று போக்குகளைப் பிரித்தார்: விளையாட்டும் திட்டமிடலும் கலந்த ஆக்கபூர்வமான கனவு, குற்ற உணர்வும் தோல்வியும் பகையும் சுழன்றுகொண்டிருக்கும் கனவு, எதிலும் ஊன்றாமல் தாவித் தாவி அலையும் மனத்தின் கனவு. உங்கள் நாயகியின் கனவுகள் இவற்றில் எந்தப் போக்கில் அதிகம் போகின்றன என்று பார்ப்பது நல்ல தொடக்கம்.

ஆனால் ஃப்ராய்டின் அதே கட்டுரையில் நிற்கக்கூடிய ஒரு கவனிப்பும் இருக்கிறது. ஒவ்வொரு பகற்கனவிலும் மூன்று காலம் பின்னியிருக்கும் என்கிறார்: இன்று மனத்தைத் தொட்ட ஏதோ ஒன்று, அது கிளறிவிட்ட பழைய நினைவு, அந்த நினைவில் ஒருகாலத்தில் கிடைத்ததை மறுபடி தரப்போகும் ஓர் எதிர்காலம். கதையைப் படிக்கும்போது இதைப் பிடித்துக்கொண்டால் கனவுக்கு முன்னால் வரும் வரியை நீங்கள் விடமாட்டீர்கள்.

இன்னொன்று. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் நாளின் வெவ்வேறு நேரங்களில் கைப்பேசி வழியே கேட்டபோது, கிடைத்த பதில்களில் 46.9 விழுக்காட்டில் மனம் செய்துகொண்டிருந்த வேலையில் இல்லை. நிஜ மனிதர்களின் விழிப்பில் ஏறத்தாழப் பாதி இப்படிக் கழிகிறது. எந்த நாவலும் தன் பாத்திரத்தின் பாதி நேரத்தைக் கனவாக எழுதுவதில்லை. நூறு பக்கத்தில் ஒரு கனவு வருகிறது என்றால், எழுதாமல் விட்ட ஆயிரத்தில் அந்த ஒன்றை ஆசிரியர் வேண்டுமென்றே எடுத்து வைத்திருக்கிறார். எனவே கதையில் வரும் பகற்கனவை, நிஜ மனிதரின் பகற்கனவைவிடக் கூர்ந்து படிப்பது நியாயமே.

இந்த வாசிப்பைப் பழகுவதற்கு நான் எப்போதும் சுட்டும் பக்கங்கள் பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’யில் இருக்கின்றன. 1857இல் நூலாக வந்த நாவல். இரண்டாம் பாகத்தில் ஓர் இரவு. மருத்துவரான ஷார்ல் நள்ளிரவில் வீடு திரும்புகிறார். மனைவி எம்மா தூங்குவதாக எண்ணி எழுப்பாமல் படுக்கிறார். பக்கத்தில் தொட்டிலில் மகள் பெர்த். குழந்தையின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் கனவு காணத் தொடங்குகிறார். அவள் பள்ளியிலிருந்து சிரித்துக்கொண்டு, சட்டையில் மைக்கறையோடு வருவாள். பிறகு விடுதிப் பள்ளியில் சேர்க்க வேண்டும், செலவாகுமே. அருகில் ஒரு சிறு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தால் காலையில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் வழியில் தானே மேற்பார்க்கலாம். வருவதைச் சேமித்துப் பங்குகள் வாங்கலாம். பதினைந்து வயதில் அவள் தாயைப் போலவே இருப்பாள். கோடையில் இருவரும் அகன்ற வைக்கோல் தொப்பி அணிந்து நடந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் அக்காள் தங்கை என்பார்கள். தனக்குச் செருப்பில் பூவேலை செய்து தருவாள். நல்ல இடத்தில் மணம் முடிக்க வேண்டும். எல்லாம் என்றும் இப்படியே இருக்கும்.

எம்மா தூங்கவில்லை, தூங்குவதுபோல் நடிக்கிறாள். அவர் கண்ணயர்ந்ததும் அவளுடைய கனவு எழுகிறது. நான்கு குதிரைகளின் பாய்ச்சலில் எட்டு நாள்களாக ஒரு புதிய நாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள். காதலனும் அவளும் கைகோத்தபடி, பேசாமல். மலைமேலிருந்து குவிமாடங்களும் பாலங்களும் கப்பல்களும் எலுமிச்சை மரக் காடுகளும் வெண்பளிங்குத் தேவாலயங்களும் கொண்ட நகரங்கள் தெரிகின்றன. கடைசியில் கடலோரத்தில், பனை நிழலில், தட்டையான கூரை போட்ட ஒரு வீடு. அந்த எதிர்காலத்தில் தனியாக ஒரு சம்பவமும் எழவில்லை என்று ஃப்ளோபேரே சொல்கிறார். நாள்கள் எல்லாம் அலைகளைப் போல ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. அப்போது தொட்டிலில் குழந்தை இருமும், அல்லது ஷார்லின் குறட்டை உரக்கக் கேட்கும்.

பண்புகளின்படி பார்த்தால் ஷார்ல் கற்பனை வறண்ட மனிதர், எம்மா கற்பனை நிறைந்தவள். வாசகர்களும் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டு கனவையும் அருகருகே வைத்தால் கணக்கு மாறுகிறது. ஷார்லின் கனவில் காலம் நகர்கிறது. குழந்தை வளர்கிறது, செலவு வருகிறது, செலவுக்கு வழி பிறக்கிறது. மைக்கறை இருக்கிறது. எம்மாவின் கனவில் படங்கள் இருக்கின்றன, காலம் இல்லை. எட்டு நாளாகப் போய்க்கொண்டே இருக்கிறாள், ஆனால் எதுவும் நடப்பதில்லை. அவர் ‘இருப்பாள், செய்வாள்’ என்று வருங்காலத்தில் நினைக்கிறார். அவளோ ஏற்கெனவே போய்விட்டாள். அவள் காதலன் பேசுவதில்லை. அவனுக்கென்று ஒரு முகம்கூடக் கனவில் தெளிவாக இல்லை. இளம்வயதில் கன்னிமாடத்தில் ரகசியமாகப் படித்த காதல் கதைகளிலிருந்து அந்தக் குதிரைகளும் அந்தக் கடற்கரையும் வந்திருக்கின்றன. இங்கே ஃப்ராய்டின் மூன்று காலமும் ஒன்றாகக் கைக்கு அகப்படுகின்றன.

இன்னும் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் வலிப்பது. எம்மாவின் கனவில் பெர்த் இல்லை. ஷார்லின் கனவில் எம்மா இருக்கிறாள், ஆனால் தொப்பி அணிந்த ஓர் உருவமாக, மகளின் அழகுக்கு ஓர் அளவாக. அவள் என்ன நினைப்பாள், எதற்கு ஏங்குவாள் என்ற ஒரு வரியும் அதில் இல்லை. அன்பானவர், இணக்கம் மிகுந்தவர் என்று நாம் மதிப்பெண் போடும் மனிதர், மனைவியின் மனம் என்ற ஒன்றைக் கனவில்கூடச் சந்திக்கவில்லை. ஒரே கட்டிலில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கிடக்கிறார்கள். இணக்கம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த இடத்துக்கு வந்து சேர முடியாது.

கனவுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். எம்மா வட்டிக்கும் கடனுக்கும் பொருள் தரும் வணிகர் லூரோவை வரவழைத்து, நீளமான மேலங்கி ஒன்றும் பயணப் பெட்டி ஒன்றும் வேண்டும் என்கிறாள். காதலன் உண்மையில் வருவானா என்று அவள் சோதிப்பதில்லை; பெட்டியை வாங்குகிறாள். காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் ஹீதர் கப்பெஸுடன் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் கைகொடுக்கும். தடையே இல்லாத இனிய எதிர்காலத்தை மனத்தில் ஓட்டியவர்களிடம், அதை அடைவதற்கான ஊக்கம் குறைந்தது. இரத்த அழுத்த அளவில்கூட அது தெரிந்தது. கனவில் கிடைத்துவிட்டதால் உடல் தளர்ந்துவிடுகிறது. எனவே ஒரு பாத்திரத்தின் கனவில் தடைக்கு இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஷார்லின் கனவில் விடுதிப் பள்ளிச் செலவு என்ற சிறிய தடை இருக்கிறது. எம்மாவின் கனவில் ஒன்றும் இல்லை.

நேர் எதிரான இன்னொரு மாதிரி, அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பர் 1939இல் எழுதிய சிறுகதையின் வால்டர் மிட்டி. மனைவியோடு காரில் கடைக்குப் போய்வரும் நேரத்துக்குள் அவர் கடற்படைத் தளபதி, அறுவை மருத்துவர், கொலை வழக்கில் நிற்கும் துப்பாக்கி வீரர், போர் விமானி என்று பல அவதாரம் எடுக்கிறார். ஒவ்வொரு கனவுக்கும் வெளியிலிருந்து ஒரு பொறி கிடைக்கிறது: மருத்துவமனையைக் கடக்கும்போது மருத்துவர், பத்திரிகை விற்கும் பையன் ஒரு வழக்கைப் பற்றிக் கூவும்போது நீதிமன்றம். ஒவ்வொன்றையும் ஒரு குரல் வெட்டுகிறது. பெரும்பாலும் அவரை அதட்டும் குரல். கனவுகளில் வரும் எல்லாக் காட்சியிலும் பார்வையாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அவரை நம்புகிறார்கள். இயந்திரங்கள் அவருக்குக் கட்டுப்படுகின்றன. நிஜத்தில் காரை நிறுத்துமிடத்தில் சரியாக விடவும் அவருக்கு வரவில்லை. நகைச்சுவைக் கதையாக இதைப் படிப்பவர்கள் கடைசிக் கனவைக் கவனிக்க வேண்டும்: துப்பாக்கிகளின் முன்னால் சுவரோடு நிமிர்ந்து நிற்கிறார். முந்தைய கனவுகளில் வெற்றி இருந்தது. இதில் தப்பிப்பதில்லை, அஞ்சாமல் தோற்பது மட்டும் மிச்சம். கனவுகளின் வரிசையைப் படித்தால் பாத்திரம் எந்தத் திசையில் போகிறது என்பது தெரியும் என்பதற்கு இது நல்ல சான்று. மிட்டிக்குத் தான் கனவு காண்பது தெரியும். காற்றாலையை அரக்கன் என்று பாய்ந்த, செர்வாண்டிஸ் நாவலின் நாயகன் தோன் கிஹோத்தேக்கு அது தெரியாது. அங்கே பகற்கனவு என்ற சொல்லே பொருந்தாது, ஆகவே படிக்கும் முறையும் வேறு.

நம் மொழியில் இதற்கு மிகப் பழைய பாடம் இருக்கிறது. அகப்பாடல்களில் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. பெயர் இல்லை, ஊர் அடையாளம் பெரும்பாலும் இல்லை, தோற்ற வருணனையும் தலைவனுக்கு அரிது. ஆளுமை என்று நமக்குக் கிடைப்பது, அந்த மனம் தனக்குள் என்ன ஓட்டிப் பார்க்கிறது என்பது மட்டுமே. அகநானூற்றின் ஒன்பதாம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள்; கல்லாடனார் பாடியது. வினை முடித்த தலைவன் தேரில் திரும்பிக்கொண்டிருக்கிறான். வீடு இன்னும் வரவில்லை. ஆனால் நெஞ்சு அவனுக்கு முன்னே ஓடிவிட்டது. மாலையில், கன்றுகள் வீடு புகும் நேரத்தில், தலைவி வீட்டின் ஒரு பக்கம் நின்று பல்லி ஒலிக்கும்போதெல்லாம் அதைப் போற்றிக்கொண்டிருக்கிறாள். நெஞ்சு பின்னாலிருந்து மெல்லச் சென்று அவள் கண்ணைப் பொத்தி, பின்னலைத் தீண்டி, தழுவியிருக்குமோ என்று அவன் எண்ணுகிறான்.

எம்மாவின் கனவோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. இவன் கனவிலும் அவளைத் தொடுவதற்கு முன்னால், அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று பார்க்கிறான். பல்லிச் சொல்லுக்குக் காத்து நிற்கும் அவளுடைய கவலை இவனுடைய கனவுக்குள் வந்திருக்கிறது. அவளுக்கென்று ஒரு மனம் அங்கே இருக்கிறது. கண்ணைப் பொத்துவதில் ஒரு விளையாட்டும் இருக்கிறது. சிங்கர் சொன்ன முதல் போக்குக்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது. ஐந்து பண்புகளில் ஒன்றுக்குக்கூட இவனுக்கு நம்மால் மதிப்பெண் போட முடியாது. ஆனாலும் இவனை நமக்குத் தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் தேவை. 1904இல் ஆங்கில விமர்சகர் ஏ. சி. பிராட்லி ஷேக்ஸ்பியரின் மாந்தர்களை உயிருள்ள மனிதர்களைப்போல ஆராய்ந்து பெரும்புகழ் பெற்றார். 1933இல் எல். சி. நைட்ஸ், மாக்பெத் சீமாட்டிக்கு எத்தனை குழந்தைகள் என்ற கேள்வியையே கட்டுரைத் தலைப்பாக வைத்து அந்த முறையைச் சாடினார். நாடகத்தில் இல்லாத வாழ்க்கை அந்தப் பாத்திரத்துக்கு இல்லை என்பது அவர் வாதம். நான் இருவருக்கும் இடையில் நிற்கிறேன். வரிகள் நம்மைக் கட்டாயப்படுத்தும் ஊகத்தைச் செய்யத்தான் வேண்டும். இல்லையென்றால் வாசிப்பே இல்லை. ஆனால் “இவளுக்குச் சிறுவயதில் ஏதோ நடந்திருக்க வேண்டும்” என்று ஆதாரமில்லாமல் எழுதினால், அது நீங்கள் காணும் பகற்கனவு. பாத்திரத்தின் கணக்கில் அதை எழுதாதீர்கள்.

நோய்ப்பெயர் சூட்டுவதும் இதே வகைதான். மணிக்கணக்கில் கற்பனை உலகில் மூழ்கி, அதனால் வேலையும் உறவும் கெட்டு, அதை நினைத்துத் தானே வருந்தும் நிலையை ‘தகவற்ற பகற்கனவு’ என்று ஹைஃபா பல்கலைக்கழகத்தின் எலி சோமர் 2002இல் விவரித்தார். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோய்ப்பட்டியலில் அது தனி நோயாக இடம்பெறவில்லை. துன்பப்படும் நிஜ மனிதர்களுக்கு அந்தப் பெயர் ஆறுதலாக இருக்கலாம், உதவி தேடவும் வழிகாட்டலாம். எம்மாவுக்கு அதைச் சூட்டுவதால் என்ன தெரிந்துகொள்கிறோம்? எலுமிச்சை மரங்களும் மௌனமும் ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

எது உண்மையான ஆளுமை என்று கேட்டீர்கள். மற்றவர்கள் முன்னால் அவள் அமைதியாக இருப்பது உண்மை; கனவில் வேறொருத்தியாக இருப்பதும் உண்மை. ஒன்றை முகமூடி என்று சொல்லிக் கழற்றினால் பாத்திரம் பாதியாகிவிடும். நீங்கள் சேர்க்க வேண்டியது மூன்றாவதாக ஒன்று: கனவு கலைந்த அடுத்த கணம் அவள் செய்வது. அது பெரும்பாலும் மிகச் சிறியதாக இருக்கும். ஒரு கடிதத்தைக் கிழிக்கலாம், யாரிடமோ காரணமில்லாமல் எரிந்து விழலாம், விட்ட வேலையை முன்னைவிட வேகமாகத் தொடரலாம். கனவில் கேட்டதை வாழ்க்கையிடம் கேட்கத் துணிகிறாளா, கனவிலேயே வாங்கிக்கொண்டு அடங்கிவிடுகிறாளா, வேறொருவர்மேல் பழி தீர்க்கிறாளா என்பது அங்கே தெரியும்.

பகற்கனவே காணாத பாத்திரங்களும் உண்டு. செயல் மட்டும் சொல்லும் கதைகளில் ஆசிரியர் மனத்துக்குள் நுழைய மாட்டார். அங்கே அவர்கள் சொல்லும் பொய்களைப் பாருங்கள். ஒருவர் தேவையில்லாமல் சொல்லும் பொய்யில், அவர் எப்படி இருக்க விரும்பினார் என்பது கிட்டத்தட்ட கனவின் தெளிவோடு கிடைக்கும். தூரத்து நாளுக்கு அவர்கள் போடும் திட்டங்களும் அப்படியே.

உங்கள் நாயகிக்கு இதைச் செய்து பாருங்கள். அவளுடைய கனவுகள் வரும் இடங்களையெல்லாம் நாவலிலிருந்து வரிசையாக எடுத்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே, அதற்குச் சற்று முன் யார் என்ன சொன்னார்கள் என்பதையும், கீழே, கலைந்த உடனே அவள் செய்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். கனவில் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பது யார், பேசுகிறவர் யார், வாய் திறக்காதவர் யார் என்று பாருங்கள். நிஜத்தில் அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் எவராவது ஒரு கனவிலும் வரவில்லை என்றால், உங்கள் கட்டுரையை அந்த ஆளிடமிருந்து தொடங்குங்கள்.